மலைநாட்டில் புலி பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். பதினான்கு வருஷமாக வழிகாட்டி வேலை செய்கிறேன். ஹோர்டன் சமவெளி, சிவனொளிபாதமலை, யால என்று ஆட்களைக் கூட்டிப் போவேன். கொழும்பு, யாழ்ப்பாணம், கோயம்புத்தூர், டொரொண்டோ என்று எங்கிருந்து பேசினாலும் நம்முடைய ஆட்கள் போனில் முதலில் கேட்பது, "அண்ணே, அங்கே புலி பார்க்கலாமா?" என்பதுதான். அதற்குப் பின்னால் வருகிற கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இலங்கையில் புலி இருக்கிறதா?

வரிப்புலி இல்லை. ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. இரத்தினபுரிப் பக்கம் 1962 இல் கிடைத்த ஒரு பல்லும், குருவிட்டைக்குக் கிட்ட பட்டதொம்ப குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பும் வரிப்புலியுடையவை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த விரல் எலும்புக்கு வயது ஏறக்குறைய 16,500 ஆண்டு. கடல் மட்டம் தாழ்ந்து இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாகக் கிடந்த காலத்தில் நடந்து வந்து, அப்புறம் இங்கே அற்றுப்போன மிருகம் அது.

இப்போது இருப்பது சிறுத்தை. சிங்கம், ஓநாய், கழுதைப்புலி எதுவும் இந்தத் தீவில் கிடையாது. அதனால் காட்டில் வேட்டையாடித் தின்னும் மிருகங்களில் சிறுத்தைதான் தலை. இந்தியாவில் சிறுத்தை இரையை மரத்தில் தூக்கி வைத்து வரிப்புலியிடமிருந்து காப்பாற்ற வேண்டும். இங்கே அந்தப் பயம் இல்லாததால் பட்டப்பகலிலும் தரையில் நிதானமாக நடக்கும், பாறையில் படுத்து வெயில் காயும்.

பிறகு ஏன் நீங்கள் எல்லோரும் "புலி" என்கிறீர்கள்?

தோட்டத்தில் யாரும் சிறுத்தை என்று சொல்ல மாட்டார்கள். "மேல் டிவிசனில் புலி வந்திருக்கு", "நாயைப் புலி தூக்கிருச்சு" என்றுதான் பேச்சு. பத்திரிகைக்காரர்கள் சிறுத்தை, சிறுத்தைப்புலி என்று எழுதுவார்கள். சிங்களத்திலும் இதே கதை உண்டு. இப்போது வரிப்புலிக்கு "கொட்டியா", சிறுத்தைக்குத் "திவியா" என்கிறார்கள். முன்பு சிறுத்தையைத்தான் கொட்டியா என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இலங்கைச் சிறுத்தையின் அறிவியல் பெயர் பாந்தெரா பார்டஸ் கொட்டியா.

இந்தப் பக்கத்தில் நானும் இடத்துக்குத் தக்கபடி புலி, சிறுத்தை என்ற இரண்டு சொல்லையும் போடுவேன். குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே மிருகம்தான்.

எவ்வளவு பெரிது?

ஆண் சராசரியாக 56 கிலோ, பெண் 29 கிலோ. ஆணில் 77 கிலோ வரைக்கும் பதிவு உண்டு. வரிப்புலி ஆண் 200 கிலோவைத் தொடும் என்பதால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சின்னதுதான். ஆனால் பத்தடி தூரத்தில் நிற்கும்போது யாருக்கும் அந்தக் கணக்கு ஞாபகம் வராது.

மலைநாட்டுக்கு வந்தால் கட்டாயம் பார்க்க முடியுமா?

முடியாது. யாராவது "கட்டாயம் காட்டுகிறேன்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை என்று எங்கள் பக்கத்து மலை முழுக்கச் சிறுத்தை நடமாட்டம் உண்டு. தேயிலைக்கு நடுவில் திட்டுத் திட்டாக நிற்கும் காடு, ஓடைக்கரை, மானாப்புல் மேடு, கருப்பன்தைல (யூக்கலிப்டஸ்) மரத்தோப்பு, இவைதான் அதற்கு வீடும் பாதையும். கமரா கட்டி ஆய்வு செய்கிறவர்கள் இதைப் பல வருஷமாகப் படமாகவே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மலைநாட்டில் அது பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். மனிதர் நிறைந்த மலையில் கண்ணில் படாமல் வாழத் தெரிந்ததால்தான் அது இன்னும் இருக்கிறது. நான் இங்கேயே பிறந்து வளர்ந்து, மலையிலேயே வேலை செய்து, மலைநாட்டில் அதைப் பார்த்தது ஒன்பது தடவை. அதில் நான்கு தடவை வாலும் பின்கால்களும் மட்டும்தான்.

மலைநாட்டில் நான் உங்களுக்குக் காட்டக்கூடியது அதன் தடம், அதன் கீறல், அது போனதை மற்ற மிருகங்கள் அறிவிக்கும் சத்தம், அதோடு பக்கத்திலேயே வாழ்கிற எங்கள் சனம். இதற்கு வர விருப்பம் என்றால் வாருங்கள். படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

பார்த்தே ஆக வேண்டும் என்றால் எங்கே போவது?

யால. 1938 இல் தேசிய பூங்காவானது. மொத்தம் 979 சதுர கிலோமீற்றர். அதில் எல்லோரும் போகிற முதலாம் பிரிவு 141 சதுர கிலோமீற்றர்தான். உலகத்தில் சிறுத்தை மிக நெருக்கமாக வாழும் இடங்களில் அது ஒன்று. மலைநாட்டிலிருந்து எல்ல, வெல்லவாய வழியாகத் திஸ்ஸமஹாராமைக்கு இறங்க அரை நாள் போய்விடும். மத்தியானம் போய்ச் சேர்ந்து, கதிர்காமத்தில் மாலைப் பூசை பார்த்து, இரவு தங்கி, விடிய ஐந்தரைக்குக் கேட்டடியில் நிற்பதுதான் நான் போடும் திட்டம். கேட் 6 மணிக்குத் திறக்கும். மாசி தொடக்கம் ஆடி வரைக்கும் நல்ல காலம். குளம் குட்டை வற்ற வற்ற மான் தண்ணீருக்கு ஒதுங்கும், அதன் பின்னால் சிறுத்தை வரும். செப்டெம்பரில் வறட்சிக்காக முதலாம் பிரிவை வழக்கமாக மூடுவார்கள். டிக்கட் எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யாலவில் ஒரு குறை உண்டு. ஒரு சிறுத்தை மரத்தில் இருக்கிறது என்று ஒரு டிரைவர் போனில் சொன்னால் பத்து நிமிஷத்தில் முப்பது நாற்பது ஜீப் சேர்ந்துவிடும். புகை, ஹோர்ன், எட்டிப் பார்க்கும் தலைகள். எனக்கு அது மனசுக்கு ஆகாது. நான் பேசும் டிரைவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: கூட்டம் இருக்கிற இடத்துக்கு ஓட வேண்டாம், ஒரு குளக்கரையில் எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரம் இருப்போம் என்று. எனக்குக் கிடைத்த நல்ல காட்சிகள் எல்லாம் அப்படிக் காத்திருந்து கிடைத்தவைதான்.

அமைதி வேண்டும் என்கிறவர்களை வில்பத்துவுக்கு அனுப்புவேன். 1,317 சதுர கிலோமீற்றர், நாட்டிலேயே பெரிய பூங்கா. வில்லு என்கிற இயற்கைத் தண்ணீர்த் தாங்கல்களைச் சுற்றி வெண்மணல் கரை. அங்கே சிறுத்தை நடந்து வந்தால் கரை முழுக்க அது ஒன்றுதான் தெரியும்.

ஹோர்டன் சமவெளியில் என்ன செய்வோம்?

நுவரெலியாவிலிருந்து நாலரைக்குப் புறப்படுவோம். பட்டிப்பொல வழியாக ஏறி, கேட் திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும். கேட்டிலிருந்து ஃபார் இன் என்கிற பார்வையாளர் நிலையம் வரைக்கும் உள்ள ரோட்டுதான் என் நம்பிக்கை. சூரியன் வருவதற்கு முந்திய அந்த அரை மணியில் அந்த ரோட்டில் சிறுத்தை குறுக்கே போனதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வைத்து, மெதுவாகப் போகச் சொல்லுவேன். குளிர் முகத்தில் அறையும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமவெளி 1988 இல் தேசிய பூங்காவானது. 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. சுமார் 3,160 ஹெக்டேர். நக்கிள்ஸ், சிவனொளிபாத வனத்தோடு சேர்த்து 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. சிறுத்தைக்கு அங்கே சாப்பாடு மரை. மான் என்று எல்லோரும் கைகாட்டும் அந்தப் பெரிய பழுப்பு மிருகம் மரைதான். கார் நிறுத்துமிடத்துக்கே வந்து கையேந்துகிற மரைகளும் உண்டு. அவற்றுக்குப் பிஸ்கட் கொடுக்காதீர்கள்.

மரை எனக்கு உதவியாள். ஒருமுறை கோவையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு நடந்துகொண்டிருந்தோம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு மரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு பெட்டை திடீரென்று தலையைத் தூக்கியது. வால் நிமிர்ந்துவிட்டது. காதிரண்டும் ஒரே பக்கம். முன்காலால் தரையை ஒரு மிதி மிதித்தது. அப்புறம் பழைய பஸ் ஹோர்ன் மாதிரி ஒரே ஒரு சத்தம். மற்ற மரைகள் ஓடவில்லை. எல்லாம் திரும்பி அதே புதரைப் பார்த்து நின்றன. நாங்களும் நின்றோம். இருபது நிமிஷம். புதரிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது நம்மளைப் பாத்துட்டுத்தான் இருக்கு தம்பி" என்றார். அவர் சொன்னது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். புலியைப் பார்த்துவிட்டால் மரை அதன் மேலிருந்து கண்ணை எடுக்காது. கண்டுவிட்டேன் என்று தெரியப்படுத்துவதே அதற்குப் பாதுகாப்பு. ஒளிந்து பாய்கிற மிருகத்துக்கு ஒளிவு போய்விட்டால் வேட்டை போய்விட்டது.

ஒன்பதரை பத்துக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். அதற்குள் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துவிட வேண்டும். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர் சொச்சம். பாதையை விட்டு இறங்கக் கூடாது. பொலித்தீனைக் கேட்டிலேயே பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள்.

தடத்தை எப்படி அடையாளம் காண்பது?

மழை விட்ட மறுநாள் காலை கான் (வடிகால்) ஓரத்துச் சேறு அல்லது தோட்டத்து மண் ரோட்டைப் பார்க்க வேண்டும். தடத்தைக் கண்டவுடன் எல்லோரும் குனிந்து விரலால் தொடப் போவார்கள். தொடாதீர்கள், முதலில் பாருங்கள்.

நாய்த் தடத்தில் நகத்தின் நுனி புள்ளியாக விழுந்திருக்கும். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் நகக் குறி இருக்காது. நாயின் நான்கு விரலும் இரண்டு பக்கமும் ஒரே சீராக இருக்கும். சிறுத்தையுடையதில் ஒரு விரல் சற்று முன்னே நிற்கும், நம் நடுவிரல் மாதிரி. உள்ளங்காலின் பின் ஓரத்தைப் பாருங்கள். மூன்று மேடு தெரிந்தால் பூனைச் சாதி. மொத்தத் தடமும் வட்டமாக இருக்கும், நாயுடையது நீட்டு வாக்கில் இருக்கும்.

அப்புறம் அது எப்போது போனது என்று பார்க்க வேண்டும். ஓரம் கூர்மையாக இருந்து, அடியில் ஈரம் மினுங்கினால் விடியப்பொழுது போயிருக்கிறது. ஓரம் நொறுங்கி, உள்ளே காய்ந்த தேயிலைச் சருகு விழுந்திருந்தால் நேற்றோ முந்தாநாளோ. தடத்தின் மேல் மழைத்துளி குத்திய குழி இருந்தால், மழை எத்தனை மணிக்குப் பெய்தது என்று லயத்தில் கேட்டால் போதும்.

மரத்தில் நீளமான நகக் கீறல், ரோட்டின் நடுவில் மயிர் கலந்த எச்சம், இவையும் அதன் அடையாளம். எச்சத்தில் முள்ளம்பன்றி முள் துண்டைக்கூட நான் பார்த்திருக்கிறேன். சத்தம் என்றால், பலகை அரிகிற வாள் ஓசையை நினைத்துக்கொள்ளுங்கள். கரகர, கரகர என்று இழுத்து இழுத்து வரும். கர்ஜனை என்று எதிர்பார்த்திருப்பவர்கள் யாரோ இரவில் மரம் அரிகிறார்கள் என்று படுத்துவிடுவார்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குள் கூட்டிப் போய்ப் புலி காட்டுவீர்களா?

மாட்டேன். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

இந்த மலை எல்லாம் ஒரு காலத்தில் காடு. அதை வெட்டி முதலில் கோப்பி போட்டார்கள். 1869 இல் கோப்பியில் இலை நோய் விழுந்து, கொஞ்ச வருஷத்தில் அது அழிய, தேயிலை வந்தது. வெட்டச் சொன்னவன் வெள்ளைக்காரத் துரை, வெட்டியவர்கள் எங்கள் முப்பாட்டன்மார். புலி எங்கள் லயத்துக்கு வந்துவிட்டது என்று சொல்வதைவிட, அதன் இடத்தில் நாங்கள் லயத்தில் வைக்கப்பட்டோம் என்பதுதான் நேர். இரண்டு பேருக்கும் போக வேறு இடம் இல்லை.

வெளியில் இருந்து பார்த்தால் தேயிலை மலை வெட்டவெளி மாதிரித் தெரியும். செடிக்குக் கீழே குனிந்து பாருங்கள். மேலே தட்டையாக மூடிய இலை, கீழே இருட்டு, குளிர்ச்சி, ஈரமில்லாத மண். பகலில் படுத்துறங்க அதைவிட நல்ல இடம் புலிக்கு இல்லை. அந்த இடத்துக்கு மேலேதான் நம்முடைய பெண்கள் கையை நீட்டிக் கொழுந்து கிள்ளுகிறார்கள்.

எங்கள் அம்மா 31 வருஷம் கொழுந்து பறித்தவர். அவர் பக்கத்து நிரையில் நடந்ததைச் சொல்கிறேன். கவ்வாத்து வெட்டி நாள்பட்ட மலை, செடி இடுப்புக்கு மேலே. காலை ஏழரை இருக்கும், பனி விலகவில்லை. பக்கத்து நிரை அக்கா செடிக்குள் இடுப்பை நுழைத்துக் கையை நீட்டின இடத்தில், கீழே இருந்து ஒரு சீறல். பூனை சீறுகிற மாதிரிதான், ஆனால் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற சீறல். அக்கா திரும்பினார். மஞ்சளாக ஒன்று அவர் தோளில் அடித்து, மேலாகத் தாண்டி, மூன்று நிரை கடந்து கானுக்குள் இறங்கிவிட்டது. எல்லாம் ஒரு மூச்சுவிடும் நேரம். கூடையின் பின்பக்கம் கிழிந்து கொழுந்து முழுக்க மண்ணில் கிடந்தது. தோளில் பதினொரு தையல். அந்த அக்கா இரண்டு கிழமையில் மறுபடி மலைக்குப் போனார். போகாவிட்டால் சம்பளம் இல்லை.

அந்த மிருகம் அவரைத் தின்ன வரவில்லை. தூக்கத்தில் தலைக்கு மேலே கை வந்ததும் பயந்து அடித்துவிட்டு ஓடியது. ஹட்டன், நோர்வூட் பக்கத்துப் பத்திரிகைச் செய்திகளில் பெரும்பாலும் இதே கதைதான் வரும்.

இப்படி ஒரு இடத்தில் நான் கமராவோடு ஆட்களைக் கூட்டிப்போய்ப் புதர் புதராகத் தட்டினால், படுத்திருக்கும் மிருகம் எழுந்து ஓடும். ஓடுகிற பக்கம் யார் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்கள் மேல்தான் விழும். உங்களுக்கு ஒரு படம், அவர்களுக்கு ஒரு காயம். அந்த வேலையை என்னிடம் கேட்காதீர்கள்.

தோட்டத்து ரோட்டில் நடக்கலாம். கண்டியிலிருந்து நுவரெலியா வரைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டமாகப் போகும் பீக்கோ நடைபாதை இந்த மலைகளுக்குள்ளாகத்தான் போகிறது. அதில் பகலில் நடப்போம், லயத்தில் தேத்தண்ணி குடிப்போம். அம்மா மாதிரி ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். கொண்டைக்குருவிகள் ஒரே செடியைச் சுற்றிக் கத்தினால் அந்த நிரையை விட்டுவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை, அம்மா.

மனிதரைக் கொன்று தின்னுமா?

இலங்கையில் அப்படிப் பேர்பெற்ற ஒரு சிறுத்தை மட்டக்களப்புப் பக்கம் புணானையில் 1924 இல் சுடப்பட்டது. நூறு வருஷம் கழித்தும் அந்த ஒன்றையே உதாரணம் சொல்கிறோம் என்பதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். லயத்துக்கு வருவது நாய்க்கு. நாய் கூடுவது நாம் கொட்டுகிற குப்பைக்கு. குப்பையை ஒழுங்காகப் போட்டு, நாயை இரவில் உள்ளே கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நடக்கும்போது நேருக்கு நேர் வந்துவிட்டால்?

ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும். முதுகைக் காட்டாதீர்கள், குந்தாதீர்கள். பிள்ளை இருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். கையை உயர்த்தி, சத்தமாகப் பேசிக்கொண்டே பின்னால் அடி எடுத்து வையுங்கள். அது போவதற்கு ஒரு வழியைத் திறந்து விடுங்கள். அநேகமாக நீங்கள் இரண்டாவது அடி வைக்கும் முன் அது போயிருக்கும்.

வீட்டுக்குள் புகுந்துவிட்டால் ஆட்களை வெளியே எடுத்து, கதவைச் சாத்திவிட்டு, 1992 க்கு அடியுங்கள். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண். ஊரே கம்போடு திரளும்போதுதான் ஆட்களுக்கும் காயம், மிருகத்துக்கும் சாவு. யாருக்காவது அடிபட்டால் 1990 அம்பியூலன்ஸ்.

தேயிலைக்குள் குட்டி கிடந்தால்?

தொடக் கூடாது, தூக்கக் கூடாது, போட்டோவுக்கு மடியில் வைக்கவே கூடாது. தாய் விட்டுவிட்டுப் போகவில்லை, இரை தேடப் போயிருக்கிறது. அந்த மலையில் அன்றைக்கு வேலையை நிறுத்தி, கங்காணியிடம் சொல்லி, திணைக்களத்துக்கு அறிவித்தால் போதும். இரவில் தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றிவிடும்.

சில வேளை அது சிறுத்தைக் குட்டியாகவே இருக்காது. மீன்பிடிப் பூனையும் எங்கள் ஓடைகளில் உண்டு. சாம்பல் உடம்பு, வரிசையாகப் புள்ளி, குட்டை வால். சிறுத்தைக்கு வால் உடம்பு நீளத்தோடு போட்டி போடும்.

கருஞ்சிறுத்தை இருக்கிறதாமே?

இருக்கிறது. வேறு சாதி இல்லை, இதே சிறுத்தைதான். நிறமி கூடிப் பிறந்தது. வெயில் பட்டால் கருப்புக்குள்ளே புள்ளி தெரியும். நான் உயிரோடு பார்த்ததில்லை.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. மயக்க ஊசி போட்டு மீட்டு, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்துப்போனது. எங்கள் ஊரிலிருந்து அது பக்கம். அந்தக் கிழமை யாரோடும் எனக்குப் பேசப் பிடிக்கவில்லை.

சுருக்கு என்றால் என்ன? ஏன் மீட்டும் சாகிறது?

மோட்டார் சைக்கிள் பிரேக் வயர் மாதிரியான கம்பியில் போடும் முடிச்சு. காட்டுப்பன்றி மரக்கறிப் பாத்தியைக் கிளறிவிடும் என்று வேலிச் சந்தில் கட்டுவார்கள். இறைச்சிக்காகக் கட்டுகிறவர்களும் உண்டு. கம்பிக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது. சிறுத்தை மெல்லிய உடம்பு என்பதால் தலை, தோள் நுழைந்து இடுப்பில் இறுகும். அது திமிறத் திமிற உள்ளே சிறுநீரகம், குடல் எல்லாம் நசுங்கும். வெளியே பார்த்தால் ஒரு கோடு மட்டும்தான். ஆறு மணி நேரம் தொங்கியதைக் கம்பியை வெட்டி விட்டால் மட்டும் பிழைக்காது.

நடக்கும்போது கம்பி கண்டால் இடத்தைப் போனில் குறித்துக்கொண்டு என்னிடம் சொல்லுங்கள். சிறுத்தை உயிரோடு மாட்டியிருந்தால் கிட்டப் போகவே கூடாது. கூட்டத்தைக் கண்டு திமிறினால் கம்பி இன்னும் இறுகும். 1992 க்கு அடித்துவிட்டு, ஆட்களை நூறு மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். 1937 ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சிறுத்தையைக் கொல்வது குற்றம்.

மரக்கறி போடுகிறவர்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை என்பது என் எண்ணம். ஒரு இரவில் பன்றிக் கூட்டம் மூன்று மாதக் கிழங்கைத் தோண்டிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒழுங்கான வேலி போட யாராவது உதவ வேண்டும். என்னோடு வந்துபோன சிலர் சேர்ந்து எங்கள் டிவிசனில் இரண்டு பாத்திக்குத் தகர வேலி போட்டுக் கொடுத்தார்கள். அந்த இரண்டு இடத்தில் இப்போது கம்பி இல்லை.

ஆடு, நாய் கட்டி வைத்துக் காட்டுகிறார்களாமே?

என்னிடமும் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல காசு தருவதாகச் சொன்னார். ஒரு நாயைக் கட்டிவைத்தால் போதுமாம். அந்த வேலையை நான் எடுக்கவில்லை. ஒரு தடவை லயத்துக்குப் பக்கத்தில் சும்மா சாப்பாடு கிடைத்தால் சிறுத்தை மறுபடி அங்கேயே வரும். அடுத்த கிழமை அந்த வழியில் விடியற்காலை இருட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். யாராவது உங்களுக்கு இப்படிக் காட்டுவதாகச் சொன்னால் திணைக்களத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு வரிப்புலியேதான் பார்க்க வேண்டும். எங்கே போவது?

இந்தியாவுக்கு. 2022 கணக்கெடுப்பில் அங்கே 3,682 வரிப்புலி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஐந்து புலிகள் காப்பகம்: களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை.

எனக்குத் தெரிந்தது முதுமலை. காரணம், பெரியப்பா குடும்பம் கூடலூரில் இருக்கிறது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து அனுப்பப்பட்டு, நீலகிரியில் மறுபடியும் தேயிலையே பறித்த குடும்பம். நான் போனபோது பெரியம்மா சொன்னது: "அங்க புள்ளிப்புலிக்குப் பயந்தோம், இங்க ரெண்டு புலிக்கும் பயப்படுறோம்." அந்தப் பக்கம் மாடு அடிக்கிற வரிப்புலி உண்டு. 2021 இல் ஒன்றை மூன்று கிழமை தேடி, ஒக்டோபர் 15 ஆம் திகதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள்.

தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் சஃபாரி போகலாம். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தது யானை, காட்டெருமை, புள்ளிமான். வரிப்புலி கிடைக்கவில்லை. வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் வாடிப்போனார்கள். எனக்குப் பழக்கம், வருத்தம் இல்லை.

என்ன கொண்டு வர வேண்டும்?

சாக்கு நிறத்திலோ பச்சையிலோ உடுப்பு. தடித்த ஜக்கட், தொப்பி. தை, மாசியில் சமவெளியில் உறைபனியே விழும். அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம். பைனாகுலர் இருந்தால் நல்லது. செண்ட் அடிக்காதீர்கள். டிரோனை வீட்டில் விட்டு வாருங்கள், பூங்காவில் தடை. அடையாள அட்டை அல்லது பாஸ்போட் கட்டாயம், உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் டிக்கட் விலை வேறு.

தோட்டத்துப் பிள்ளைகள் வழிகாட்டியாக வர என்ன செய்ய வேண்டும்?

இதைக் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு முதலில் என் சந்தோஷம். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைதான் அனுமதி கொடுக்கும். தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, ஒரு தலத்துக்கு மட்டுமான வழிகாட்டி என்று வகை உண்டு. பிரதேச வழிகாட்டியில் தொடங்குவது சுலபம். ஆங்கிலம் வேண்டும், சிங்களம் கட்டாயம் வேண்டும். பூங்காவுக்குள் தடம் பார்க்கும் ட்ராக்கர்மாரோடு நல்ல உறவு அந்தச் சிங்களத்தால்தான் வரும். முதலுதவி படியுங்கள்.

மற்றதெல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தக் கானில் தண்ணீர் வற்றாது, எந்த மேட்டில் பன்றி படுக்கும், இரவு நாய் குரைப்பதற்கும் ஊளையிடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று பட்டணத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஆறு மாதம் போகும். அது உங்களுக்குப் பத்து வயதிலேயே தெரியும். அதைச் சின்ன விஷயம் என்று நினைத்துக் கொழும்புக் கடைக்கு ஓடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

ஐந்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. யால ஜீப்பில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள், அரை நாள் டிக்கட் போதும். சமவெளியில் முழுச் சுற்றும் வேண்டாம், பாதி வழியில் திரும்பிவிடலாம்.

தோட்டத்து ரோட்டில் நல்ல தடம் கிடைத்தால் பிள்ளைகளுக்காக நான் பையில் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் மா வைத்திருப்பேன். தடத்தைச் சுற்றி அட்டைத் துண்டால் ஒரு வேலி. மாவைத் தண்ணீரில் தோசை மாப் பதத்துக்குக் கரைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்ற வேண்டும், நேரே நடுவில் ஊற்றினால் தடம் உடைந்துவிடும். இறுக அரை மணி. அந்த அரை மணியும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் அதுவே காவல் காக்கும். அப்புறம் எடுத்து, மண்ணைக் கழுவாமல், கடதாசியில் சுற்றித் தருவேன். இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகு பழைய பல் பிரஷ்ஷால் துடைத்துக்கொள்ளுங்கள்.